எந்தக் காற்றுக்கு மறைவு?

தேநீர் சூடாக இருக்கிறது. சாசரில் கொஞ்சம் ஊற்றி, ஓரத்திலிருந்து மெல்ல ஊதிப் பாருங்கள். உதட்டை ஒட்டிய பக்கம் தேநீர் கண்ணாடி போல் கிடக்கும். நெளிவு எழுவது எதிர் ஓரத்தில்தான். ஊதும் மூச்சு ஒன்றே. அது ஓடக் கிடைத்த தூரம் வேறு. பாய்மரப் படகுக்கு நங்கூரமிட இடம் தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்தச் சாசருக்குள் இருக்கிறது.

கடலலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் ஓட அதற்குக் கிடைக்கும் நீர்ப்பரப்பு. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதை மட்டும் நாம் தேர்ந்துகொள்ளலாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரமாக நிற்கும் படகைச் சுற்றி அலை வளர இடமில்லை. அதே காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கினால், நூற்றுக்கணக்கான மைல் ஓடி வளர்ந்த அலை வந்து மோதும். படகுக்குப் பின்னால் கரை நிற்கும். நங்கூரம் கொஞ்சம் இழுபட்டாலும் தரைதட்டும். ஆகவே "இங்கே அமைதியாக இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "இந்த இடம் எந்தக் காற்றுக்கு மறைவு?" என்று கேட்க வேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். கோணேசர் கோயில் நிற்கும் பாறைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதற்கு வடக்கே ஒரு குடா, தெற்கே இன்னொன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்துதான் இங்கே வருகிறது. அந்த மாதங்களில் வடக்குக் குடாவில் நிம்மதியாக நிற்கலாம். வாடை பிறந்ததும் அதே குடா வங்கக்கடலுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இடம் மாறவில்லை, காற்று மாறிவிட்டது. இவ்விரண்டையும் விட்டுத் தெற்கே சுற்றிக் கொட்டியாரக் குடா வழியாக உள் துறைமுகத்துக்குள் நுழைந்தால், ஏறத்தாழ எல்லாப் பக்கமும் நிலம். எந்தக் காற்று வந்தாலும் அது ஓடக் கிடைக்கும் நீர்ப்பரப்பு சிறிது.

இந்த ஒரு வேறுபாட்டுக்காகப் போர்களே நடந்திருக்கின்றன. எதிரே சோழமண்டலக் கரை நேர்கோடாக ஓடுகிறது. அன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பற்படை, அடுத்த மாதமே அங்கு வீசிய புயலில் சிதைந்தது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றுக்கும் அதே கதி. அதனால்தான் அக்டோபர் வந்ததும் ஆங்கிலேயர் கப்பல்களைத் தொலைவில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். இரண்டு பருவக்காற்றுக்கும் ஈடுகொடுக்கும் துறைமுகம் வங்கக்கடலின் வாயிலிலேயே இருந்ததால், 1782-இல் மட்டும் திருகோணமலை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது.

காற்றை மறைத்தால் மட்டும் போதுமா? போதாது. எங்கோ தொலைவில் அடித்த புயல் அனுப்பும் நீண்ட அலை, காற்றே இல்லாத நாளிலும் வரும். அது முனையில் மோதி நின்றுவிடுவதில்லை. ஆழம் குறையும் இடத்தில் வேகம் தளர்ந்து, முனையைச் சுற்றி வளைந்து உள்ளே நுழையும். படகு காற்றை நோக்கித் திரும்பி நிற்க, இந்த அலை விலாவில் இடிக்கும். ஆபத்து பெரிதாக இல்லாவிட்டாலும், இரவு முழுக்கத் தொட்டிலாட்டம். ஒருவரும் தூங்க முடியாது. உயர்ந்த மலைச்சரிவின் அடிவாரமும் ஏமாற்றும். காற்று மேலேறிக் கடந்து, மறுபக்கம் சரிவில் திடீர் வீச்சுகளாக இறங்கும். மரங்கள் அடர்ந்த தாழ்வான கரை பல நேரங்களில் அதைவிட நல்ல மறைவு.

இனி நீருக்கு அடியில் பார்ப்போம். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. தரைக்குள் புதைந்துதான் பிடிக்கிறது. மணலும் களிமண்ணும் நன்றாகப் பிடிக்கும். பாறையில் சிக்கினால் எடுக்க வராது, சிக்காவிட்டால் வழுக்கிக்கொண்டே போகும். கடற்புல் அடர்ந்த இடத்தில் நங்கூரம் புல்லை வாரிக்கொண்டு மேலே வரும். பவளப்பாறையில் போடவே கூடாது. பிடிமானம் போவது ஒரு பக்கம்; பல பத்தாண்டுகளில் வளர்ந்த உயிரை ஒரே இரவில் சங்கிலி அரைத்துவிடும்.

ஆழமும் அளவோடு இருக்க வேண்டும். கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நுழைந்திருக்கிறது. கரை பக்கத்தில் தெரிகிறதே என்று அதன் மேல் நங்கூரத்தை இறக்கினால் சங்கிலி போதாது. சிறு படகுக்கு ஐந்து முதல் பத்து மீட்டர் வசதி. ஆழம் 6 மீட்டர், படகின் முகப்பு நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 7. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு, 49 மீட்டர். ஏன் இவ்வளவு? நீண்ட சங்கிலி தரையோடு படிந்து கிடந்து நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும். அது இன்னும் ஆழமாகப் புதையும். சங்கிலி குட்டையானால் இழுப்பு மேல்நோக்கிப் போய், நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் அதன் தள்ளுதல் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக் கூடாது.

சங்கிலியை நீட்டினால் படகு சுழலும் வட்டமும் விரியும். 35 மீட்டர் சங்கிலியும் 12 மீட்டர் படகும் சேர்ந்தால் ஏறக்குறைய 90 மீட்டர் குறுக்களவு. அந்த வட்டத்துக்குள் பாறையோ, திட்டோ, இன்னொரு படகோ வரக் கூடாது. ஓதம் வற்றும் நேரத்தின் ஆழத்தை வைத்தே இந்த வட்டத்தைக் கணக்கிட வேண்டும். இலங்கைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடாது. பிரான்சின் சான் மாலோவில் அது 12 மீட்டருக்கு மேலும் போகும்; அங்கே மாலையில் மிதந்த படகு விடியலில் தரையில் கிடக்கலாம்.

சில துறைகளில் நிலையான மிதவை கட்டியிருப்பார்கள். அடியில் கனத்த கல், அதிலிருந்து சங்கிலி, மேலே மிதவை. சுழலக் குறைந்த இடமே போதும் என்பது வசதிதான். ஆனால் மிதவையின் புதுப் பூச்சைப் பார்த்து நம்பாதீர்கள். தேய்வது கண்ணுக்குத் தெரியாத அடிச்சங்கிலி. கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தார்கள், எத்தனை டன் படகுக்காகப் போட்டது என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இடத்தை வெளிச்சத்தில் சென்று சேர்ந்து பார்த்துக்கொள்வதும், இருட்டிலும் வெளியேறும் வழியை மனத்தில் குறித்துக்கொள்வதும் கடைசிக் கடமைகள். வங்கக்கடலில் புயல் கடக்கும்போது காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. சில மணி நேரத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் மறைவுள்ள குடா அன்று பொறியாகும். புயல் வருமுன்பே கிளம்ப வேண்டும்.

இதையெல்லாம் புத்தகம் இல்லாமல் அறிந்தவர்கள் உண்டு. தென்மேற்குக் காற்று தொடங்கினால் இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் பலர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அடித்துத் தொழில் செய்கிறார்கள். வாடைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். ஒரே இடத்தை ஆண்டு முழுவதும் நம்பியிருக்கக் கூடாது என்பதை அவர்கள் வாழ்ந்தே காட்டுகிறார்கள். புதிய துறைக்குள் நுழைந்தால் வரைபடத்தை விரிக்குமுன் கரையைப் பாருங்கள்: இந்த மாதத்தில் ஊர்ப்படகுகள் முனையின் எந்தப் பக்கம் நிற்கின்றன? நின்று, அந்தப் படகுக்காரர்களிடம் ஏன் என்றும் கேளுங்கள்.