மப்பும் மந்தாரமும்

மழைக்கு முன் வானம் மூடிக் கிடந்தால், "மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்போம். மப்பு என்றால் மேகமூட்டம். குடித்தவருக்கு மூளையில் அதே மூட்டம். அதனால்தான் "ஆள் மப்புல இருக்கான்" என்கிறது பேச்சுவழக்கு. எத்தனை பொருத்தமான சொல் பாருங்கள்!

கிறக்கம் என்ற சொல் இன்னும் நுட்பமானது. குடித்தாலும் கிறக்கம், பட்டினி கிடந்தாலும் கிறக்கம். உச்சிவெயிலில் களையெடுத்துவிட்டு வந்து, திண்ணையில் சாய்ந்து, முந்தானையால் முகம் துடைக்கும் அம்மா, "பசியில கண்ணு கிறங்குதுடா, நாக்கு தள்ளிப்போச்சு" என்பார். ஒரு சொம்பு நீராகாரம் உள்ளே போன பிறகுதான் அடுத்த பேச்சு வரும்.

இலக்கியத்திலும் இப்படி இருபொருள் தரும் சொற்கள் உண்டு. இன்று நாம் மகிழ்ச்சியைச் சொல்லும் 'களிப்பு' அன்று கள்வெறியையும் குறித்தது. கள்ளுண்ணாமையைப் பேசும் திருக்குறளின் 93-ஆம் அதிகாரத்தில், 929-ஆவது குறளில், குடித்து மயங்கியவரை வள்ளுவர் 'களித்தான்' என்றே அழைக்கிறார். 1090-ஆவது குறளில் கள் தரும் மயக்கத்துக்கு அவர் வைத்த பெயர், 'மகிழ்'.

உங்கள் ஊரில் பசியாலோ குடியாலோ கிறங்கிப்போனால் என்ன சொல்வார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள், நேயர்களே.