கொல்லைக்குப் போகும் மின்சாரம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பின்கட்டைத் தாண்டினால் மாட்டுக்கொட்டகை. அதற்கும் அப்பால் கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகை. விடியற்காலையில் பால் கறக்க விளக்கு வேண்டும். தீவனம் நறுக்கும் யந்திரத்துக்கு பிளக் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து ஓர் ஒயரை இழுத்து, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மூங்கில் கழியின்மேல் ஏற்றிக் கொட்டகைக்குள் விட்டுவிடுவார்கள். விளக்கும் எரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வினை. வெயிலில் வெடித்துப்போன ஒயர், காற்றில் சாயும் கழி, கீழே சாணமும் கோமியமும் ஊறிய தரை. மனிதனாவது செருப்போடு நிற்கிறான். மாடு நான்கு கால்களையும் ஈரத்தில் ஊன்றி நிற்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே மின்சாரம் அதன் நெஞ்சு வழியாகவே பாய்ந்துவிடும். பதறிப்போய் மாட்டைத் தொட்டு இழுப்பவருக்கும் அதே கதிதான்.

ஆகவே ஒயரை மண்ணுக்குள் கொண்டுபோவது உத்தமம். இது புது யோசனையன்று. 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் எடிசன் தமது பேர்ல் தெரு மின்நிலையத்தைத் தொடங்கியபோதே, தெருவைத் தோண்டி, இரும்புக் குழாய்களுக்குள் செம்புக் கம்பிகளைப் பதித்துத்தான் மின்சாரம் வழங்கினார். தந்திக் கம்பிகள் தலைக்குமேல் சிலந்திவலையாகத் தொங்கிய ஊர் அது!

ஆனால் புதைத்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டுக்குள் ஓடும் சாதாரண ஒயரை ஒரு சாண் ஆழத்தில் மூடிவைப்பது, கழியில் தொங்கவிடுவதைவிட மோசம். தொங்குவதாவது கண்ணுக்குத் தெரியும். எலியும் கரையானும் மண்வெட்டியும் உள்ள பூமியில் வேண்டியது, எஃகுக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள். இந்தியத் தரவிதிப்படி அது குறைந்தது 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி, ஆழத்தில் கிடக்க வேண்டும். வண்டி போகும் பாதையின் குறுக்கே 1 மீட்டர். அடியில் மணல், அதன்மேல் கேபிள், மீண்டும் மணல், பிறகு வரிசையாகச் செங்கல், அப்புறமே மண். நடுவில் ஒட்டுப்போடுவது கூடாது. எஃகுச் சுற்றை எர்த்துடன் இணைக்காமல் விடுவது பெரிய தவறு.

கல்வராயன் மலையில் கதை வேறு. சில இடங்களில் இரண்டடி போவதற்குள் கடப்பாரை பாறையில் மோதும். அங்கே கேபிளை இரும்புக் குழாயில் நுழைத்து, மேலே கான்கிரீட் இட்டு மூட வேண்டியதுதான். செலவு கூடும், வேறு வழியில்லை.

"ஃப்யூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்று கேட்போர் உண்டு. 5 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 5,000 மில்லியாம்பியர் வரை அது வாய் திறக்காது. உயிரைக் குடிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஃப்யூஸ் காப்பது கம்பியை, ஆளையன்று. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் சிறு கருவி. 30 மில்லியாம்பியர் கசிந்தால், அரை விநாடிகூடப் பொறுக்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும். அதை வீட்டு முனையிலேயே பொருத்த வேண்டும்.

தூரத்தையும் கணக்கிட வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால், 100 மீட்டருக்குள் சுமார் 15 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். விளக்கு மங்கும்; யந்திரம் முனகும். தடித்த கம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. வேலையை லைசென்ஸ் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். விவசாய இலவச மின்சாரத்தை வீட்டுப் பக்கம் திருப்பவே கூடாது.

பள்ளத்தை மூடுமுன் கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, மெயின் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துத் தென்னங்கன்று நடக் குழி வெட்டுபவர் வேறு யாராகவோ இருப்பார். அந்தத் தாளை அவர் பாராவிட்டாலும், மண்வெட்டியில் முதலில் தட்டுப்படுவது செங்கல் வரிசையாக இருக்கும்.