கண்ணாடிப் பாவை

சங்கப் பாடல்களில் ஆணால் அலைக்கழிந்த பெண் என்றதும் பசலையும் கண்ணீருமே நம் நினைவுக்கு வரும். வகுப்பறையிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். குறுந்தொகையின் 8ஆம் பாடலில் ஒருத்தி சிரிக்கிறாள், நேயர்களே!

ஆலங்குடி வங்கனார் பாடிய மருதத்திணைப் பாடல் அது. பேசுபவள் பரத்தை. தலைவி தன்னைப் பற்றிப் புறங்கூறினாள் என்று கேள்விப்பட்டு, அவளுடைய பாங்கானவர்களின் காதில் விழும்படி பதில் சொல்கிறாள். வயலோரத்து மாமரத்தின் கனி தானாகவே விழுகிறது. பொய்கையிலுள்ள வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊரன் அவன். நான் வலை வீசவில்லை, பழம்தான் வந்து விழுந்தது என்ற மறுமொழி இந்த உவமையில் ஒளிந்திருப்பதாகவே நான் கொள்கிறேன்.

அடுத்தது கேலி. எம் வீட்டில் பெருமொழி பேசியவன், தன் வீட்டிலே மனைவி கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிறானாம், கண்ணாடிக்குள் தெரியும் பாவையைப் போல!

பெண்டாட்டிக்கு அடங்கியவன் என்ற நம்மூர்ப் பகிடிதான். ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. மனைவியை அவள் பெயராலோ முறையாலோ குறிக்கவில்லை. அவன் மகனுக்குத் தாய் என்கிறாள். அந்த இடம் பரத்தைக்கு ஒருநாளும் கிடைக்காது.