உங்களுக்குத் தெரியுமா? மதுவும் நரம்பணுவின் கால்சியமும்

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் நின்று அடிவாரத்துச் சேலத்தை நினைப்பவர்க்கு, ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 ஆம் தேதியன்று, அம்மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான் என்னும் சரித்திரம் ஞாபகத்திற்கு வரக்கூடும். அச்சட்டம் விலக்க முயன்ற மது, தேகத்தினுள் புரியும் சூக்ஷ்மமான காரியமோ பலரும் அறியாதது.

நரம்பணுவின் உள்ளே தனித்துலவும் கால்சியத்தைக் காட்டிலும் வெளியே இருப்பது ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். அணுச்சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் க்ஷணநேரம் திறக்க, உட்புகும் சிறிதளவு கால்சியமே, ஓர் அணு அடுத்த அணுவுக்குச் செய்தி உரைக்கும் ரசாயனத்தை வெளிவிடச் செய்கிறது. மது அவ்வாயில்களில் பலவற்றை மந்தப்படுத்துவது, நாக்குழறலுக்கும் தள்ளாட்டத்துக்கும் உரிய காரணங்களுள் ஒன்று.

நாள்தோறும் குடிப்பவரின் மூளையோ, இக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு, வாயில்களின் எண்ணிக்கையையே பெருக்கிக்கொள்கிறது. ஆகவே, குடியைத் திடீரென நிறுத்தியதும், தடுப்பாரின்றிக் கால்சியம் வெள்ளமெனப் புகுந்து, கைநடுக்கத்துக்கும், வலிப்புக்கும், சில சமயங்களில் நரம்பணுக்களின் நாசத்துக்குமே துணைபோகிறது. நெடுநாள் குடிப்பழக்கத்தை வைத்தியரின் மேற்பார்வையிலேயே கைவிட வேண்டும் என்பதன் தாத்பரியம் இதுவே.