பழைய மோட்டார் கார் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு

பருத்தியும் மக்காச்சோளமும் விற்றுக் கையில் சிறிது ரொக்கம் சேர்ந்தவுடன், ஆலங்குளம் பகுதி உறுப்பினர்கள் நம்மை நிறுத்திக் கேட்பது இப்போதெல்லாம் உரத்தைப் பற்றியன்று. பழைய காரைப் பற்றித்தான். இராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களை அழைத்துச் செல்லவும், நெய்த சேலைகளைச் சங்கத்தில் கொண்டு சேர்க்கவும் வீட்டில் ஒரு வண்டி இருந்தால் நலம் என எண்ணுவதில் பிழையில்லை. ஆயினும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்பது பல ஆண்டுச் சேமிப்பு. வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு அதனைக் கொடுத்துவிடலாகாது.

முதலிற் பார்க்க வேண்டியது காரையன்று, அதன் ஆர்.சி.யை. இதில் நாமே தவறியிருக்கிறோம். ஊரார் கணக்கையெல்லாம் வரி வரியாகத் தணிக்கை செய்யும் நாம், சில ஆண்டுகளுக்கு முன் கார் வாங்கியபோது ஆர்.சி.யில் இருந்த கடன் குறிப்பைப் படிக்கவில்லை. விற்றவர் கடனை அடைத்துவிட்டார் என்பது மெய்யே. ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றையும், 35 ஆம் எண் படிவத்தையும் பெற்று அக்குறிப்பை நீக்காமல் விட்டிருந்தார். அதற்காக நான்கு மாதம் அலைந்தோம்.

ஆர்.சி.யில் கண்ட எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்தவையும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பதிவான ஆண்டையும் கவனியுங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். 2012 இல் பதிவானது 2027 இல் முடியும். அதன்பின் வண்டியைக் காட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குரிய மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. விலை பேசும்போது இச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளம், புதுச்சேரி போன்ற வெளிமாநிலப் பதிவாயின், அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். கட்டாத அபராதங்கள் உளவா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு அறியலாம்.

இனி வண்டியைப் பார்ப்போம். முந்திய இரவே சொல்லி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். நாம் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தொல்லை உண்டென்று ஐயுற இடமுண்டு. சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெண்புகை சூடேறிய பின்னும் நில்லாவிடில் ரேடியேட்டர் நீர் உள்ளே இறங்குகிறது எனலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல் வெளுத்த படிவு இருந்தால் ஐயம் வலுக்கும். இவ்விரண்டும் பெருஞ்செலவு வைப்பவை. கிளட்ச், பிரேக் கட்டைகள் தேய்வது இயற்கை. அவற்றுக்கு விலையிற் குறைத்துக் கேட்டால் போதும்.

நூல் சிட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்களுக்குத் தகட்டைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. பக்கவாட்டில் குனிந்து நோக்கினால் பட்டி பார்த்த இடம் அலையலையாகத் தெரியும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்தால் அவ்விடத்தில் சரியாக ஒட்டாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எண்ணித்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்தால் அவை புதியனபோல் தோன்றும்; மின்கம்பி இணைப்புகளுக்குள் துரு ஊறிக்கொண்டே இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை மறையாது. ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டின் அடியில் உள்ள தண்டவாளங்களையும் தடவிப் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் மிகுதியாக அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். நாற்பதாயிரமே ஓடியது என்னும் காரின் பிரேக் மிதியில் ரப்பர் வழவழவெனத் தேய்ந்திருப்பதேன்? டயரில் 2319 எனப் பொறித்திருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது. மெக்கானிக்கை நாமே அழைத்துச் செல்ல வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக் அவருடைய ஆள்.

பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் விட்டுச் செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. வாங்குபவரைப் போலவே விற்பவருக்கும் இது கேடு. பல கைகள் மாறியும் ஆர்.சி.யில் பழைய பெயரே நின்ற ஒரு கார், 2009 இல் விபத்துக்குள்ளானது. காரை எப்போதோ விற்றுவிட்டபோதிலும், பெயர் பதிவில் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பென 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 29, 30 ஆம் எண் படிவங்களை இருவரும் நிரப்பி, விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். தவறினால் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். சிறு தொகையை நிறுத்திவைத்து, ஆர்.சி. நம் பெயரில் வந்த அன்று கொடுப்பதாக எழுதிக்கொள்வது நல்லது. இதற்கு இணங்க மறுப்பவரிடம் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே முன்பணத்தைக் கையிலிருந்து எடுங்கள்.