பரிசோதனையும் பரிகாரமும்

கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுத இயலாத சிறுவன் மந்தபுத்தியுள்ளவன் என்று ஒதுக்கப்படலாம். அவனுடைய குறை அறிவில் அன்றிக் கண்ணில் இருக்கவுங் கூடும். கேட்ட கேள்விக்கு விடை கூறாது நிற்குஞ் சிறுமி பிடிவாதக்காரி எனத் தண்டிக்கப்படலாம். அவளுக்குக் காது மந்தமாயிருக்கவுங் கூடும். இவ்வேறுபாட்டை அறிதற்கு ஆசிரியரோடு வைத்தியரும் வேண்டும் என்னுங் கருத்து, இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டமாயிற்று.

1880 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிள்ளைகள் யாவரும் பாடசாலை செல்வது கட்டாயமாக்கப்பட்டது. வீடுகளுள் மறைந்து கிடந்த பசியும் பிணியும் அதன்பின் வகுப்பறைகளில் வெளிப்பட்டன. எனினும், அரசினரை விழிப்படையச் செய்தது 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போயர் யுத்தமே. படையிற் சேர முன்வந்த இளைஞருட் பலர் உடல்நலக் குறைவினால் திருப்பி அனுப்பப்பட்டனர். இதன்பின் அமைந்த விசாரணைக் குழு, மாணவரை வைத்தியர் முறையாகப் பரிசோதித்தல் வேண்டுமென 1904 இல் எடுத்துரைத்தது. 1906 இல் பாடசாலை உணவுச் சட்டமும், 1907 இல் வைத்தியப் பரிசோதனைக்கான சட்டமும் நிறைவேறின. கல்விச் சபையின் முதலாவது பிரதம வைத்திய அதிகாரியாக ஜோர்ஜ் நியூமன் நியமிக்கப்பட்டார்.

வைத்தியர்கள் பிள்ளைகளின் உயரம், நிறை, பல், கண், காது, தொண்டை, இருதயம், சுவாசப்பை ஆகியவற்றைச் சோதித்துக் குறித்துவைத்தனர். ஆயினும் 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. பரிசோதித்தல் உள்ளூர்க் கல்வி அதிகாரிகளின் கடமையாயிற்று. சிகிச்சை அளித்தலோ அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்டது. பிள்ளையின் நோயைப் பெற்றோருக்கு அறிவித்தாலும், வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில் அவ்வறிவித்தலால் என்ன பயன்? இதனை உணர்ந்த மார்கரெட் மக்மில்லன் தம் சகோதரி ரேச்சலுடன் 1908 இல் இலண்டனின் போ என்னும் பகுதியிலும், பின்னர் 1910 இல் டெட்போர்டிலும் பாடசாலைச் சிகிச்சை நிலையங்களை நடத்தினார். 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே ஆரம்ப பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையையும் கடமையாக்கிற்று.

பரிசோதனையின் மறுபக்கம் விசேட கல்வியாகும். பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் கல்வி வழங்குதல் 1893 இலேயே கட்டாயமாகியிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு 1899 ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகுப்புகளை அனுமதித்தது; 1914 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கடமையாக்கிற்று. இதற்கிடையே பிரான்சில் அல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905 இல் அறிவை அளக்கும் சோதனை ஒன்றை வகுத்தார். தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதே அவர் நோக்கம். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டு மாறாது நிற்பது என்னுங் கொள்கையை அவர் ஏற்கவில்லை.

ஆனால், இங்கிலாந்தின் 1913 ஆம் ஆண்டு மனவளர்ச்சிக் குறைபாட்டுச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. விசேட பாடசாலையிலும் பயன்பெற மாட்டார் எனக் கணிக்கப்பட்ட பிள்ளைகள் கல்வி அதிகாரிகளின் பொறுப்பினின்று நீக்கப்பட்டனர். கல்வி கற்பிக்க இயலாதவர் என ஒதுக்கும் இவ்வழக்கத்தை நீக்கிய சட்டம் 1970 இலேயே நிறைவேறிற்று. ஒரு பிள்ளையைப் பரிசோதித்து எழுதிய முடிவு, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியையும் முன்வரிசையில் ஓரிடத்தையும் பெற்றுத் தந்தது. மற்றொருவருக்குப் பாடசாலைக் கதவையே அடைத்தது. குறையைக் கண்டறிதல் தொடக்கம் மாத்திரமே. அதனைக் கண்டவர் அடுத்துச் செய்வதிலேயே பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது.