பளபளக்கும் சிவப்புக்கு உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

மண்ணைத் தோண்டியபோது ஒரு முழு ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தது, தெரியுமா? 1978-இல், லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு வீட்டுத் தோட்டத்தில்! வெளியே வந்தது ஃபெராரியின் டினோ 246 ஜிடிஎஸ். 1974-லேயே திருடு போனதாகப் புகார் பதிவாகி, காப்பீட்டுப் பணமும் கைமாறியிருந்த வண்டி. புழு பூச்சி நுழையாமலிருக்க அதன் துளைகளில் துண்டுகளைத் திணித்துப் புதைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்தக் கார் பிற்பாடு சீர்செய்யப்பட்டு மறுபடி சாலையில் ஓடியது!

அந்த டினோவின் கதை ஊரறிந்தது. ஊரறியாத கதையோடு எத்தனை இத்தாலியக் கார்கள் இன்று விற்பனைக்கு நிற்கின்றன! நாற்பது ஐம்பது வயதான ஒரு காரை வாங்கப் போகிறவர் வாங்குவது அதன் நாற்பது ஐம்பது வருட வாழ்க்கையை. அந்த வாழ்க்கையை விற்பவர் சொல்லாவிட்டாலும் கார் சொல்லிவிடும். எங்கே பார்க்க வேண்டும், எங்கே காது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அது எவ்வளவு பரவசமான வேலை, தெரியுமா?

எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஃபெராரி பல பத்தாண்டுகள் தன் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை சேஸிஸ் எண்களையே கொடுத்துவந்தது, பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை! டினோ மட்டும் சாலைக் காராக இருந்தும் இரட்டைப்படை வாங்கிக்கொண்டது. ஆக, அந்தக் காலத்துக் கார் ஒன்றின் எண் பட்டையைப் பார்த்த நொடியிலேயே முதல் கேள்வி எழுந்துவிடும். சட்டகத்தில் அடித்த எண், ஸ்டீயரிங் தண்டின் பட்டையிலுள்ள எண், பதிவுப் புத்தகத்து எண் மூன்றும் ஒன்றா? எஞ்சினில் குத்திய எண் அந்தக் காரோடு பிறந்ததுதானா? எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் சீராக இருக்கின்றனவா, அல்லது சுற்றியுள்ள உலோகத்தில் அரம் போட்ட தடம் தெரிகிறதா? டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துப்போங்கள்!

காகிதத்தில் இன்னொரு அதிசயம் காத்திருக்கிறது. இத்தாலியில் 1927 முதல் பிஆர்ஏ என்ற பொது வாகனப் பதிவேடு இருக்கிறது. அந்நாட்டு ஆட்டோமொபைல் கிளப்தான் அதை நடத்துகிறது. பதிவெண் தெரிந்தால் அந்த வண்டி யார் யார் கை மாறியது என்ற வரலாற்றையே வரிசையாகக் கேட்டு வாங்கலாம்! 1985 வரை அங்கே நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், மாகாணக் குறியோடு இருந்தது. எம்ஓ என்று இருந்தால் மோதெனா, டிஓ என்று இருந்தால் தூரின். முதன்முதலில் மாட்டிய கறுப்புப் பலகை இன்னும் கழற்றப்படாமல் இருந்தால் அந்த வண்டிக்குத் தனி மவுசு. மரனெல்லோவில் ஃபெராரி கிளாசிக்கே என்ற பிரிவே உண்டு. பழைய கார்களின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேஸிஸையும் தொழிற்சாலை ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சான்று தருவதே அதன் வேலை. சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், சான்றிலுள்ள எண்ணை நீங்களே காரில் தேடிப் பாருங்கள்.

இனி என் மனதுக்கு மிகவும் நெருங்கிய கார்: ஃபெராரி 308 ஜிடிபி. 1975-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. பினின்ஃபரினா நிறுவனத்துக்காக லியோனார்டோ ஃபியொரவாந்தி வரைந்த வடிவம். அதன் முதல் 712 கார்களின் உடல் இரும்பே இல்லை, தெரியுமா? கண்ணாடியிழை! வெட்ரோரெசீனா என்று இத்தாலியர்கள் சொல்லும் அந்தக் கார்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்பு. 1977-இல் எஃகு உடலுக்கு மாறிவிட்டார்கள்.

இங்கேதான் காந்தம் செய்யும் வேடிக்கை! எஃகு உடல் கொண்ட 308-இன் மீது, பெயிண்ட் கீறாமல் மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால், பட்டி போட்டு மூடிய இடத்தில் அது பிடிவிட்டு நழுவும். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகியவை துரு முதலில் குடியேறும் இடங்கள். டிங்கரிங் கைவரிசையும் அங்கேதான் முதலில் தெரியும். முன்மூடி அலுமினியம் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் பதற வேண்டாம். ஆனால் வெட்ரோரெசீனா என்று சொல்லி விற்கிறார்களா? அப்போது கணக்கே தலைகீழ்! கதவிலும் பக்கவாட்டிலும் காந்தம் கவ்விக்கொண்டால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். ஒரே காந்தம், ஒரே மாடல், இரண்டு நேரெதிர்த் தீர்ப்புகள்! பெயிண்டின் தடிமனை மைக்ரானில் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பட்டிக்கு மேல் வைத்தால் அதன் எண் எகிறிக் குதிக்கும்.

புதிய கார்தான் வலுவான கார் என்று நினைப்பீர்கள். 308-இல் அது பொய்த்துப்போனது! நான்கு வெபர் கார்புரேட்டர்கள் வைத்த ஐரோப்பிய மாடல் 255 குதிரைத்திறன் தந்தது. 1980-இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் அது 214-ஆக இறங்கிவிட்டது. 1982-இல் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த குவாத்ரோவால்வோலே வந்து 240-க்கு மீட்டது. விலை கேட்பதற்கு முன் இது எந்த 308 என்று கேட்க வேண்டும். சிலிண்டருக்கு இரண்டே வால்வுள்ள சில எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டுக்குள் சோடியம் நிரப்பியிருப்பார்கள், தெரியுமா? வெப்பத்தைக் கடத்துவதற்காக! வயதான பிறகு அந்தத் தண்டு முறிந்தால் வால்வின் தலை சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை நொறுக்கிவிடும். வால்வுகள் மாற்றப்பட்டனவா? பில் இருக்கிறதா? இவை கட்டாயக் கேள்விகள்.

பெல்ட்டுக்கு வருவோம். 308-இன் வி8 எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கும் ஆளுக்கொரு ரப்பர் டைமிங் பெல்ட். ஒன்று அறுந்தால் போதும், ஏறிவரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை மோதி வளைத்துவிடும். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பெல்ட் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கிழடாவதில்லை, காலண்டரைப் பார்த்தும் கிழடாகிறது! ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பழைய ஃபெராரி வட்டாரத்தில் வழக்கம். 308-இல் எஞ்சினைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். ஆனால் டெஸ்டரோஸா, 348, எஃப்355 ஆகியவற்றில் அதே வேலைக்கு எஞ்சினையே காரிலிருந்து இறக்க வேண்டும்! டெஸ்டரோஸா பக்கம் சாய்பவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதனால்தான் குறைவாக ஓடிய கார் என்ற பெருமை என்னைப் பயமுறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகும், ஆயில் சீல்கள் காயும், பிரேக் பிஸ்டன்கள் இறுகும். ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காகச் செலவு செய்த கார்தான் எனக்கு வேண்டும். அதோடு, பல பழைய கார்களின் ஓடோமீட்டருக்கு ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம்! மீட்டருக்குக் கேபிள் வைத்த காரில் அதைக் கழற்றிவிட்டால் எண்ணிக்கை நின்றுவிடும். பெடல் ரப்பரையும், ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தோலையும், கியர் போடும் உலோகச் சட்டத்தின் தேய்மானத்தையும் பாருங்கள். மீட்டர் சொல்லும் எண்ணோடு அவை ஒத்துப்போக வேண்டும்.

எஞ்சினுக்குள் கண் போக முடியாது, ஆனால் காது போகும், தெரியுமா? லீக்டவுன் என்றொரு சோதனை. சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை அனுப்பி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். அளவைவிடக் கசியும் இடம்தான் சுவாரசியம்! கார்புரேட்டர் வழியே சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்கும் மருத்துவர்போல, ஒரு நல்ல மெக்கானிக் எஞ்சினைத் திறக்காமலே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார். எட்டுச் சிலிண்டர்களுக்கும் எட்டு எண்கள். ஏழு ஒரே மாதிரி இருந்து எட்டாவது மட்டும் விலகினால், பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சினை ஏற்காதீர்கள். போனவுடன் எஞ்சின் மூடியருகே கையை வையுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வதைக் கண்ணால் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஓட்டும்போது ஒரு விசேஷம் கவனியுங்கள்: குளிர்ந்த 308-இல் இரண்டாவது கியர் விழ அடம்பிடிக்கும்! ஆயில் சூடாகும்வரை முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போகும் ஓட்டுநர்கள் உண்டு. அது இந்த இனத்தின் குணம், குற்றமல்ல. சூடான பிறகும் கரகரத்தால்தான் குற்றம். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் விட்டு, ரேடியேட்டர் ஃபேன்கள் தாமாக ஓடுகின்றனவா என்று காத்திருந்து பாருங்கள். மேலெழும் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்தே எழுகின்றனவா? ஃபியூஸ் பெட்டியில் பிளாஸ்டிக் உருகிய தடம் இருக்கிறதா?

மற்ற இத்தாலியர்கள் மட்டும் சளைத்தவர்களா? லான்சியா பீட்டாவின் எஞ்சினைத் தாங்கும் சட்டகம் துருப்பிடித்து, 1980-இல் பிரிட்டனில் நிறுவனமே பல கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது! ஃபியட் 124 ஸ்பைடரில் முன் ஷாக் அப்சார்பர் வந்து முட்டும் கோபுரங்களை முதலில் பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் மற்றதெல்லாம் பார்க்க வேண்டியதே இல்லை. அதே 124 குடும்பத்து செடானின் உடலைத்தான் நம்மூரில் பிரீமியர் 118என்இ அணிந்து ஓடியது, தெரியுமா? ஸ்பைடரின் இரட்டை கேம் எஞ்சினை உருவாக்கிய அவுரேலியோ லாம்ப்ரெடி அதற்கு முன் ஃபெராரியில் எஞ்சின் வடித்தவர்! ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் என்றால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தை அழுத்திப் பாருங்கள், இரண்டாவது கியர் சிங்க்ரோவைச் சோதியுங்கள்.

லம்போர்கினி மியூராவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்! கியரில் தேய்ந்த உலோகத்தூள் எஞ்சினுக்குள்ளும் சுற்றிவரும். கடைசிக்கால எஸ்வி கார்களில்தான் பிரித்தார்கள். அதன் முகப்பு விளக்கோ எளிய ஃபியட் 850 ஸ்பைடருடையது. மசெராட்டி போராவில் பிரேக்குக்கு சிட்ரோவென் நிறுவனத்தின் உயரழுத்த ஹைட்ராலிக்ஸ். அந்த பிரெஞ்சு முறையைத் தெரிந்த மெக்கானிக் கிடைக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். டெ டொமாசோ பாண்டேராவின் இத்தாலிய உடலுக்குள் இருப்பது அமெரிக்க ஃபோர்டின் வி8! எஞ்சின் பாகம் தேடுவது எளிது, உடலின் துருவைத் தேடுவதுதான் பாடு. எல்விஸ் பிரெஸ்லி தன் பாண்டேரா ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் அதைத் துப்பாக்கியால் சுட்டார், தெரியுமா?

போலிகள் வேறு! மியாமி வைஸ் தொலைக்காட்சித் தொடரில் உலகமே பார்த்து ஏங்கிய கறுப்பு ஃபெராரி டேடோனா, ஃபெராரியே அல்ல. ஷெவர்லே கார்வெட்டின் மேல் கட்டிய நகல்! 1980-களின் பிற்பாதியில் போன்டியாக் ஃபியரோவின் மேல் 308 போன்ற உடலை மாட்டி மேரா என்று விற்றார்கள். ஃபெராரி வழக்குத் தொடுத்தது. படத்தைப் பார்த்து மயங்கிய கண் ஏமாறலாம், ஆனால் 308 என்று விற்கும் காரின் எஞ்சின் மூடியைத் திறந்தால் எட்டு சிலிண்டர் குறுக்காக நிற்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக டயர். ஓரச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் இறுதி எண்ணைப் படியுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்றே இலக்கம் என்றால் அந்த டயர் 2000-க்கு முன் பிறந்தது! பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை நம்பி 255 குதிரைகளை அவிழ்த்துவிடக் கூடாது. புது டயர் மாட்டிய பிறகு ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். கிடைக்காதே என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். கார்புரேட்டர் 308-இல் வந்த அதே எக்ஸ்டபிள்யூஎக்ஸ் டயரை, அதே 14 அங்குல அளவில், மிஷெலின் புதிதாகச் செய்து விற்கிறது!